பெரிதாக்க எத்தனை இங்கிலீஷ் வார்த்தை: ஒரு டைப்பிங் கடைக்காரியின் அனுபவம்

சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. டைப்பிங், ஜெராக்ஸ், டிடிபி, லேமினேஷன், அப்புறம் இப்போதெல்லாம் ஆன்லைன் விண்ணப்பம். வருகிறவர்களுக்கு என்ன எழுத வேண்டும் என்று தமிழில் நன்றாகவே தெரியும், அதை இங்கிலீஷில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலை. அதில் அடிக்கடி இழுபடுகிற இடம், ஏதோ ஒன்றைப் பெரிதாக்க வேண்டும் என்று கேட்கிற கடிதங்கள். வீட்டைப் பெரிதாக்க வேண்டும், லோனைக் கூட்ட வேண்டும், லீவை நீட்டிக்க வேண்டும், ரோட்டைப் பெரிதாக்கக் கூடாது, அப்பா போட்டோவைப் பெரிதாக்க வேண்டும், கல்லீரல் பெரிதாகிவிட்டது என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. எல்லாருக்கும் போனில் தேடத் தெரியும். தேடினால் என்லார்ஜ் என்பதற்கு எக்ஸ்பாண்ட் என்று வரும், எக்ஸ்பாண்டுக்கு எக்ஸ்டெண்ட் என்று வரும், எக்ஸ்டெண்டைத் தேடினால் மறுபடி என்லார்ஜில் வந்து நிற்கும். எது அழகாக இருக்கிறதோ அதை எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். எது பெரிதாகிறது, எந்தப் பக்கமாகப் பெரிதாகிறது என்பது முதலில். அந்தக் காகிதம் யார் மேஜைக்குப் போகிறது என்பது அடுத்தது. இரண்டாவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. ஒவ்வொரு ஆபீஸும் இதற்கென்று ஒரு வார்த்தையைப் பிடித்து வைத்திருக்கிறது, அதை விட்டு வேறு எழுதினால் கிளார்க் ஒரு நிமிஷம் புருவத்தைத் தூக்குவார், சில நேரம் காகிதமே வேறு செக்‌ஷனுக்குப் போய்விடும்.

ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் சாலை விரிவாக்கம் என்கிறோம். சரி. அண்ணா நகர் மேற்கு விரிவாக்கம் என்று முகவரியிலும் எழுதுகிறோம். 2011ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டர் ஆனதே, சுற்றியிருந்த 42 உள்ளாட்சி அமைப்புகளைச் சேர்த்து 200 வார்டாக ஆக்கினார்களே, அதுவும் விரிவாக்கம்தான். நமக்கு ஒரே வார்த்தை. இங்கிலீஷில் மூன்றும் மூன்று. ரோடு அகலமானால் வைடனிங், அண்ணா நகர் மேற்குப் பக்கம் தள்ளிப் போனது எக்ஸ்டென்ஷன், மாநகராட்சி நாலா பக்கமும் பரவியது எக்ஸ்பான்ஷன். தமிழிலிருந்து நேராகப் போனால் மூன்றையும் எக்ஸ்பான்ஷன் என்று எழுதத்தான் கை வரும்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு அம்மா, வீட்டு முன்பக்கம் நாலடி போகப் போகிறது என்று ஆட்சேபணை மனு எழுத வந்தார். அவருடைய மகன் போனிலேயே எழுதிக் கொண்டுவந்த வரைவில் ரோடு எக்ஸ்டென்ஷனை எதிர்க்கிறோம் என்று இருந்தது. ரோடு எக்ஸ்டென்ஷன் என்றால் முடிகிற ரோட்டை மேலே கொண்டுபோவது. தெருக்கோடியில் இருப்பவருக்குத்தான் அது பிரச்னை, நடுத்தெருவில் இருக்கிற இந்த அம்மாவுக்கு அதில் ஆட்சேபிக்க என்ன இருக்கிறது? நோட்டீஸை எடுத்துட்டு வாங்கம்மா என்றேன். அதில் வைடனிங் என்று தெளிவாக இருந்தது. நோட்டீஸில் என்ன வார்த்தை இருக்கிறதோ அதையே, நம்பர் தேதியோடு, திருப்பி எழுதுவதுதான் பாதுகாப்பு. “அதையே திரும்ப எழுதினா காப்பியடிச்ச மாதிரி இருக்காதா ஆன்ட்டி?” என்று அந்தப் பையன் கேட்டான். ஸ்கூல் கட்டுரையில் ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்தால் மார்க் குறைப்பார்கள், அந்தப் பழக்கம். மனுவில் நேர் எதிர். முதல் பாராவில் வைடனிங், இரண்டாவதில் எக்ஸ்பான்ஷன், மூன்றாவதில் என்லார்ஜ்மென்ட் என்று மாற்றி மாற்றி எழுதினால் படிக்கிறவர் மூன்று தனித்தனித் திட்டம் என்று நினைக்கக்கூடும்.

எக்ஸ்டெண்ட், எக்ஸ்பாண்ட் இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு மெட்ரோதான் வசதி. வண்ணாரப்பேட்டையோடு நின்ற லைன் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை போனது. அது எக்ஸ்டென்ஷன், இருக்கிற கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தது. இப்போது ஊர் முழுக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்களே, அந்த இரண்டாம் கட்டம் புதிதாக மூன்று வழித்தடங்கள். அதனால் மெட்ரோ நெட்வொர்க் எக்ஸ்பாண்ட் ஆகிறது. லைன் எக்ஸ்டெண்ட் ஆகும், நெட்வொர்க் எக்ஸ்பாண்ட் ஆகும். ஒரு நுனி இருந்தால் எக்ஸ்டெண்ட், நுனியில்லாமல் சுற்றிலும் பரவினால் எக்ஸ்பாண்ட். நேரத்துக்கு நுனி உண்டு, அதனால் விசா, லீவு, கெடு எல்லாமே எக்ஸ்டெண்ட்தான். வியாபாரத்துக்கு நுனி கிடையாது, அது எக்ஸ்பாண்ட். இட்லிக் கடை வைத்திருக்கிற அண்ணன் பக்கத்துக் கடையையும் வாடகைக்கு எடுத்து நடுச்சுவரை இடிக்க லோன் கேட்டபோது பிசினஸ் எக்ஸ்பான்ஷன் என்றுதான் போட்டேன். அதே அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஒரு ரூம் எடுக்க வேறு லோன் கேட்டார், அது எக்ஸ்டென்ஷன். மாடி எடுத்தாலும் வங்கிக்காரர்கள் அதை எக்ஸ்டென்ஷன் கணக்கில்தான் பார்ப்பார்கள், டைல்ஸ் மாற்றுவது, பெயின்ட் அடிப்பது இம்ப்ரூவ்மென்ட் என்று தனி. என்லார்ஜ் மை ஹவுஸ் என்று எழுதினால் தப்பில்லைதான், ஆனால் அந்தப் பெயரில் எந்த வங்கியிலும் லோன் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

என்ஹான்ஸ் ஒரு விசித்திரமான கேஸ். இங்கிலீஷ் வகுப்பில் கேட்டால் என்ஹான்ஸ் என்பது தரத்தைக் கூட்டுவது, சுவையை, அழகை, மதிப்பைக் கூட்டுவது, தொகையைக் கூட்டுவதற்கு அவ்வளவாக வராது என்பார்கள். ஆனால் நம் ஊர் ஆபீஸ்களில் பணம் கூடுகிற இடமெல்லாம் என்ஹான்ஸ்தான். ஓவர்டிராஃப்ட் லிமிட்டைக் கூட்டக் கேட்டால் என்ஹான்ஸ்மென்ட். நிலம் எடுத்ததற்கு நஷ்டஈடு போதாது என்று கோர்ட்டுக்குப் போனால் என்ஹான்ஸ்டு காம்பன்சேஷன். ஆஸ்பத்திரியில் கேஷ்லெஸ் இன்சூரன்ஸ் போட்டு, முதலில் ஒப்புக்கொண்ட தொகையைத் தாண்டி பில் போனால் அங்கே இருக்கிற இன்சூரன்ஸ் டெஸ்க் கம்பெனிக்கு என்ஹான்ஸ்மென்ட் அனுப்பும். என் நாத்தனார் ஆபரேஷனுக்கு இருந்தபோது, இன்க்ரீஸ் கேட்டாச்சா என்று நான் கேட்டேன். அந்தப் பெண் விழித்தார். என்ஹான்ஸ்மென்ட் போயிடுச்சாம்மா என்றதும் உடனே பதில் வந்தது. அமெரிக்காவில் இருக்கிற மருமகன் வந்து இது தப்பான இங்கிலீஷ் என்று சொன்னால் சொல்லட்டும், அந்த மேஜையில் அதுதான் சரி.

ரயில்வேயின் வார்த்தை ஆக்மென்ட். கூட்டம் அதிகம் என்று ஒரு வண்டியில் கூடுதலாக ஒரு ஸ்லீப்பர் பெட்டி சேர்த்தால் அறிவிப்பில் ஆக்மென்டேஷன் என்று வரும். வீராணத்திலிருந்து சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்து 2004ல் முடித்த திட்டத்தின் பெயரிலேயே வாட்டர் சப்ளை ஆக்மென்டேஷன் இருக்கிறது. இருப்பது போதவில்லை, வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கிறோம் என்கிற சாடை அதில் உண்டு. ஏரியைத் தூர்வாரி அதிலேயே அதிகம் நிற்க வைத்தால் கொள்ளளவை இன்க்ரீஸ் செய்ததாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆக்மென்ட் கனமான வார்த்தை, அரசாங்கத்துக்குப் பொருந்தும். பையனின் வேலை விண்ணப்பத்தில் ஐ வில் ஆக்மென்ட் யுவர் சேல்ஸ் என்று இருந்தால் அடித்துவிட்டு இன்க்ரீஸ் என்று போட்டுவிடுவேன்.

இனி என் சொந்த ஏரியாவுக்கு வருகிறேன், ஜெராக்ஸும் போட்டோவும். இங்கே என்லார்ஜ் ராஜா. படம், பிரதி, எழுத்து, கண்ணால் பார்க்கிற உருவம் எதுவானாலும் அதன் அளவே நிஜமாகக் கூடினால் என்லார்ஜ். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் ஜூம் பண்ணிப் போடுங்க என்பார்கள், போனில் இரண்டு விரலால் விரித்துக் காட்டி, “இதோ, இவ்வளவு பெருசா தெரியுதே” என்பார்கள். ஜூம் என்பது பார்வையைக் கிட்டே கொண்டுபோவது, ஃபைல் அப்படியேதான் இருக்கிறது. மேக்னிஃபையும் இந்த ஜாதிதான். பூதக்கண்ணாடி வைத்துப் பழைய பத்திரத்தைப் படித்தால் எழுத்து பெரிதாகத் தெரியும், பத்திரத்தில் எழுத்து இருந்த அளவில்தான் இருக்கும். கண்ணாடியை எடுத்தால் முடிந்தது. என்லார்ஜ் செய்தால் கையில் ஒரு பெரிய காகிதம் மிஞ்ச வேண்டும்.

ஸ்ட்ரெச் இன்னொரு ஆபத்து. ராத்திரி பத்து மணிக்குமேல் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வருவார்கள், கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, 35க்கு 45 மில்லிமீட்டர். பேனரோ ஆறுக்கு நாலு அடி, படுக்கை வாக்கில். படத்தின் பக்கவாட்டுப் புள்ளியைப் பிடித்து இழுத்தால் கட்டம் நிரம்பும், ஆனால் மெலிந்த மனுஷன் போகும்போது குண்டாகிப் போவார். துக்கத்தில் இருக்கிற வீட்டில் யாரும் உடனே சொல்ல மாட்டார்கள், பதினாறாம் நாள் சொல்லுவார்கள். மூலைப் புள்ளியைப் பிடித்து இழுத்தால் நீளமும் அகலமும் சேர்ந்து கூடும், அதுதான் என்லார்ஜ். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் ஸ்ட்ரெச். கடையில் புதிதாக வேலைக்குச் சேர்கிற பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் காட்டுவேன். வெளிக் கடைக்கு மெயில் அனுப்பினாலும் ப்ளீஸ் என்லார்ஜ், டு நாட் ஸ்ட்ரெச் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். பிக்ஸல் பிரச்னை தனி. நாலுக்கு ஆறு இஞ்ச் பிரிண்டுக்கு 300 டிபிஐ, அதாவது ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 1200க்கு 1800 பிக்ஸல் வேண்டும், வாட்ஸாப்பில் சுருங்கி வந்த படத்தை என்ன வார்த்தை சொல்லி இழுத்தாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

ஜெராக்ஸில் “டபுள் ஆக்குங்க” என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பேன், எது டபுள்? ஏ4 தாளை ஏ3 ஆக்கினால் பரப்பளவு சரியாக இரண்டு மடங்கு, ஆனால் மெஷினில் வைக்க வேண்டியது 141 சதவீதம். பக்கவாட்டு நீளம் ஒன்று புள்ளி நாலு மடங்குதான் ஆகிறது. மெஷினில் 200 என்று வைத்தால் நீளம் இரண்டு மடங்கு, அகலம் இரண்டு மடங்கு, பரப்பு நாலு மடங்கு, ஏ3லும் அடங்காது. வீட்டு பிளானை இப்படிப் பெரிதாக்கும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பிளானில் ஒன்றுக்கு நூறு என்று ஸ்கேல் எழுதியிருந்தால், என்லார்ஜ் செய்த பிரதியில் அந்த எழுத்து அப்படியேதான் இருக்கும், ஆனால் ஸ்கேல் வைத்து அளந்தால் பொய்யாகிவிடும். என்லார்ஜ்டு காப்பி, நாட் டு ஸ்கேல் என்று ஓரத்தில் சீல் போட்டுக் கொடுக்கிறேன்.

சதவீதம் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், கடிதங்களில் அதிகம் சண்டை வருவது இங்கேதான். இன்க்ரீஸ் என்பது எண்ணிக்கைக்கு, அளவுக்கு: வாடகை, சம்பளம், வேகம், விலை. அதன் பின்னால் பை வருகிறதா டு வருகிறதா என்பதில்தான் காசு இருக்கிறது. 12,000 ரூபாய் வாடகையை பை 2,000 என்றால் 14,000. டு 2,000 என்றால் வாடகைக்காரருக்குத் தீபாவளி. பத்து சதவீதம் என்றால் இரண்டு பேரும் புரிந்துகொள்வார்கள், ஆனால் இரு மடங்கு என்பதை 200 சதவீத இன்க்ரீஸ் என்று எழுதுகிறார்களே, அது மூன்று மடங்கு. இருந்த நூறோடு இருநூறு சேர்கிறது. இரு மடங்குக்கு 100 சதவீதம் போதும், இல்லையென்றால் டபுள்டு என்று எழுதி பக்கத்தில் ரூபாயை எண்ணிலும் எழுத்திலும் போட்டுவிடுங்கள். நான் வாடகை ஒப்பந்தத்தில் சதவீதம் எழுதினால் ரூபாயும் எழுதாமல் விடுவதில்லை.

ரைஸ், ரெய்ஸ் குழப்பத்துக்குப் பள்ளியில் படித்த தன்வினை பிறவினை போதும். வாடகை உயர்ந்தது, ரைஸ். ஓனர் உயர்த்தினார், ரெய்ஸ். தமிழில் உயர், உயர்த்து என்று தனியாக இருப்பது போல அங்கேயும் தனி. இன்க்ரீஸ், எக்ஸ்பாண்ட், வைடன் எல்லாம் இரண்டு பக்கமும் வேலை செய்யும், தானாகவும் ஆகும், ஒருவர் செய்தும் ஆகும். என்லார்ஜ் பெரும்பாலும் ஒருவர் செய்வது. (தமிழிலும் சிக்கல் இல்லாமல் இல்லை, பெருக்கு என்றால் கணக்கும் போடலாம், வாசலும் கூட்டலாம்.)

உடம்பு விஷயத்துக்கு வந்தால், ஸ்கேன் ரிப்போர்ட்டை விளக்குவது என் வேலையில்லை, டாக்டரிடம் போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அதை வைத்து லீவு லெட்டர் அடிக்க வருவார்கள். ஒரு உறுப்பு இருக்க வேண்டிய அளவைவிடப் பெரிதாக இருந்தால் என்லார்ஜ்டு, ரிப்போர்ட்டில் மெகாலி என்று முடிகிற வார்த்தை இருந்தால் அதுதான் அது, ஹெபடோமெகாலி என்றால் கல்லீரல், கார்டியோமெகாலி என்றால் இதயம். குழாய், பை, கண்மணி போன்றவற்றின் துவாரமோ உள்வெளியோ அகன்றால் டைலேட்டட், கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைக்கிறார்களே, அது டைலேட் செய்வதற்குத்தான். ஒருவர் தன் மேனேஜருக்கு எழுதிக் கொண்டுவந்த கடிதத்தில் மை ஃபாதர் ஹேஸ் எ பிக் ஹார்ட், ஸோ ஐ நீட் லீவ் என்று இருந்தது. அப்பா தாராள மனசுக்காரர் என்று அர்த்தம், அதற்கு யார் லீவு கொடுப்பார்கள்? என்லார்ஜ்டு ஹார்ட் என்று மாற்றி, ரிப்போர்ட் நகலை இணைத்துக் கொடுத்தேன்.

என்லார்ஜ் என்றதும் ஜாமீன் ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கம் வக்கீல்கள் அடிக்கச் சொல்லும் ஜாமீன் மனுவில் கடைசி வரி, மனுதாரரை என்லார்ஜ் ஆன் பெயில் செய்ய வேண்டும் என்று வரும். புதிதாக வந்த டைப்பிங் பெண் இதைப் பார்த்து ரிலீஸ் என்று திருத்திவிட்டாள், ஜூனியர் வக்கீல் தம்பி திருப்பி அனுப்பினார். சிறைக்குள் குறுகிக் கிடந்தவரை வெளியே விடுவது, அது இங்கிலீஷில் இந்த வார்த்தையின் பழைய பொருள். அட் லார்ஜ் என்றால் வெளியில் சுதந்திரமாகத் திரிவது. நம் கோர்ட்டுகளில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ரிலீஸ் என்று போட்டால் ஜாமீன் கிடைக்காமல் போகாது, இரண்டுமே புழக்கத்தில் உண்டு. ஆனால் வக்கீல் சொன்ன வார்த்தையை டைப்பிஸ்ட் மாற்றக் கூடாது.

ஆடி மாசம் வந்தால் மைக்செட் அனுமதிக் கடிதங்கள். கூழ் ஊற்றுகிற கோயில்காரர்கள் ஆம்ப்ளிஃபை என்ற வார்த்தையை எப்படியாவது உள்ளே கொண்டுவந்துவிடுவார்கள், பெட்டியில் ஆம்ப்ளிஃபையர் என்று எழுதியிருப்பதால். ஒலியையும் சிக்னலையும் பெரிதாக்குவது ஆம்ப்ளிஃபை, சரிதான், ஆனால் இன்ஸ்பெக்டரிடம் நீங்கள் அதைக் கேட்கவில்லையே. ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. நீங்கள் கேட்பது நேரத்தை, அதனால் எக்ஸ்டெண்ட். அதையும் கேட்டவுடன் தர முடியாது. வருஷத்துக்கு அதிகபட்சம் 15 நாள், அதுவும் நள்ளிரவு 12 வரைதான், அரசு அறிவித்தால்தான் தளர்த்தலாம். எந்த நாள் என்று விசாரித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

புகார்க் கடிதங்களில் இன்ஃப்ளேட் வேண்டும். பில் தொகை கூடியிருக்கிறது என்று நடுநிலையாகச் சொல்ல இன்க்ரீஸ்டு, வேண்டுமென்றே ஊதிக் காட்டியிருக்கிறார்கள் என்று குற்றம் சாட்ட இன்ஃப்ளேட்டட். கையில் ஆதாரம் இல்லாவிட்டால் இரண்டாவதை எழுதாதீர்கள், பதில் நோட்டீஸ் வரும். கான்ட்ராக்டர்களின் எஸ்கலேஷன் வேறு, சிமென்ட், கம்பி விலை ஏறினால் ஒப்பந்தத்தில் முன்பே எழுதிய ஷரத்துப்படி கேட்பது. அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை.

எக்ஸ்டென்ஷன் கேட்கிறவர்களுக்கு ஒன்று மீதி இருக்கிறது. ஃபார் டூ வீக்ஸ் என்று எழுதினால் எப்போதிலிருந்து இரண்டு வாரம் என்ற கேள்வி வரும், கடிதத் தேதியிலிருந்தா, பழைய கெடு முடிகிற தேதியிலிருந்தா? பை டூ வீக்ஸ் என்றால் பழைய கெடுவோடு சேர்கிறது. அப் டு போட்டுத் தேதியை எழுதினால் யாருக்கும் சந்தேகம் இல்லை, நான் அதைத்தான் அடித்துக் கொடுப்பேன். கெடு முடிவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தபிறகு போனால் பல இடங்களில் எக்ஸ்டென்ஷன் என்ற பேச்சே கிடையாது, ரினியூவல் என்பார்கள், இல்லையென்றால் புதிதாகவே போடச் சொல்வார்கள், ஃபீஸும் மறுபடி கட்ட வேண்டியிருக்கும்.